மாலைக்கு நின்ன ஓட்டக்காரன்

ஆப்பிரிக்காக்காரனையே ஓடி ஜெயிச்ச மலையாண்டின்னு என்னையக் காட்டிச் சொல்றானுகளே, அவனுக வாயில மண்ணைப் போட. நான் எவனையும் ஜெயிக்கலை. புதுக்கோட்டை அறந்தாங்கி பஸ்ல கண்டக்டர் நான். பட்டாளத்துல இருந்தப்ப கொஞ்சம் ஓடுனேன், கொஞ்சம் இங்கிலீஷ் கத்துக்கிட்டேன், அவ்வளவுதான். நடந்ததைச் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே காறித் துப்புங்க.

அறுபத்திரண்டு புரட்டாசி. யாவ் ஒபெங்னு கானா நாட்டு ஓட்டக்காரன் ஒருத்தன் மெட்ராஸுக்கு வந்திருந்தான். சின்னப் பயலா இருந்தப்பவே, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குற பெரிய போட்டிக்குக் கனடா வரைக்கும் போயி அரையிறுதியில ஓடுனவன். அதுக்கு அடுத்த தடவை சீமையில நாலாவதா வந்து, ஒரு முழ இடைவெளியில மெடலை விட்டவன். அப்புறம் தொடைச் சதை இழுத்துக்கிட்டு ஒரு வருஷம் படுத்தே கிடந்திருக்கான். இப்ப வயசும் ஏறிப்போச்சு. ஆஸ்திரேலியாவுல நடக்கப்போற போட்டிதான் அவனுக்குக் கடைசி. நூறு கெஜத்தை ஒன்பதே முக்கால் செகண்டுக்குள்ள ஓடி, அதிகாரி கையெழுத்தோட அனுப்பு, இல்லாட்டி ஒனக்குப் பதிலா ஒரு சின்னப் பையனை அனுப்பிருவோம்னு அவன் நாட்டுல கறாரா சொல்லிட்டாங்க. மெட்ராஸ்ல ஓடி அனுப்பிரலாம்னு நெனச்சிருக்கான். அங்க பேஞ்ச மழையில மைதானம் குளமாயி, போட்டியே நின்னுபோச்சு.

இதைக் கேள்விப்பட்டு அவனை இங்கிட்டு இழுத்துக்கிட்டு வந்தவரு எங்க விளையாட்டுக் கமிட்டித் தலைவர் ஆவுடையப்பன். ரைஸ் மில் முதலாளி. நாப்பத்தெட்டுல சமஸ்தானமே போயிருச்சு, இவருக்கு மட்டும் தர்பார் இன்னும் கலையலை. ஓட்டம்னா என்னன்னு அவருக்குத் தெரியாது. பக்கத்துல நின்னு போட்டோ புடிக்கத் தெரியும். ஒபெங் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னான். மெட்ராஸ் அதிகாரி கடிகாரங்களோட கூட வரணும், நேரத்தைக் குறிச்சுக் கையெழுத்துப் போடணும். ஆகட்டும்னாரு ஆவுடையப்பன். எவ்வளவு பெரிய மனசு பாத்தீங்களா.

நோட்டீஸ்ல 'ஆப்பிரிக்கச் சிங்கம்'னு அடிச்சாரு. சிங்கமாம். கோழிக்கொழம்பு காரத்துக்கே கண்ணுல தண்ணி விட்ட மனுசன் அவன். பந்தயத்துக்கு முன்னாடி மூணு நாள் ஊர் ஊரா கார்ல ஏத்திக்கிட்டுச் சுத்துனாங்க. கால் ஓய்வா இருக்கணும்னு அவன் கெஞ்சுறான். கறம்பக்குடியில வரவேற்பு, மணமேல்குடியில வரவேற்புன்னு இவங்க பாட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போறாங்க.

முதல் வரவேற்பு அறந்தாங்கியில. ஆவுடையப்பன் மாலையைத் தூக்கிக்கிட்டு எதிர வாராரு. ஒபெங் பாவம், வழக்கம் தெரியாம, மாலையை விலக்கிட்டுக் கையைக் குலுக்கப் போயிட்டான். அம்புட்டுதான். இவரு மூஞ்சி தொங்கிப்போச்சு, அன்னைக்குச் சோறு உண்ணலை. செயலாளர் ஆத்மநாதன் காலேஜ்ல சரித்திரம் நடத்துறவரு. ராத்திரியே ஒபெங்கை உக்கார வச்சுப் பாடம் எடுத்தாரு: எங்க ஊர்ல மாலை வந்தா, எங்க இருந்தாலும் என்ன செஞ்சுக்கிட்டிருந்தாலும் நிக்கணும், தலையைக் குனியணும், கையெடுத்துக் கும்பிடணும், இல்லாட்டி மாலை கொண்டாந்தவரை அவமதிச்ச மாதிரின்னு. நல்ல மனுசன், ஒரே தடவையில புடிச்சுக்கிட்டான். மணமேல்குடியில அவன் குனிஞ்சு நின்ன அழகைப் பாத்து ஊரே கை தட்டுச்சு.

பந்தயத்தன்னைக்குப் புதுக்கோட்டைத் திடல் பூரா சனம். தனியா ஓடுனா நல்லாயிருக்காதுன்னு என்னையப் பக்கத்துல ஓட விட்டாங்க. மெட்ராஸ் அதிகாரியும் அவரு கூட வந்த ரெண்டு பேரும் ஆளுக்கொரு கடிகாரத்தோட முடிவுக்கோட்டுல நின்னாங்க. முதல்ல நூலைத் தொடுறவன் நேரத்தைத்தான் மூணு கடிகாரமும் எடுக்கும். வெடிச்சத்தம் கேட்டுச்சு. அவன் போனதை என்னன்னு சொல்லுவேன். பாதித் தூரத்துல அவன் முதுகு எனக்கு ரொம்பத் தூரம் போயிருச்சு. ஒன்பதே முக்கால் என்ன, அதுக்கும் கீழதான் வரும்னு ஓடிக்கிட்டே நெனச்சேன். சந்தோசமா இருந்துச்சு.

அப்ப எறங்குனாருய்யா ஆவுடையப்பன். ஆளுயர மாலையைத் தூக்கிக்கிட்டு, நூலுக்கு ரெண்டடி முன்னால, அவன் ஓடி வார பாதையிலயே வந்து நின்னாரு. பக்கத்துல போட்டோக்காரன். விருந்தாளி வாசப்படியைத் தாண்டுறதுக்கு முந்தியே மாலை விழணுமாம், தாண்டுன பிறகு போட்டா மரியாதை இல்லையாம்.

ஒபெங் நின்னுட்டான். எப்படி நின்னானோ, குதிகால் மண்ணைக் கிழிச்சுக்கிட்டு நின்னான். தலையைக் குனிஞ்சான். கும்பிட்டான். மாலை விழுந்துச்சு. பின்னால வந்த வேகத்துல நான் நூலை அறுத்துக்கிட்டுப் போயிட்டேன்.

சனம் என்னையத் தூக்கிருச்சு. எறக்கி விடுங்கய்யான்னு கத்துறேன், எவன் கேக்குறான். ஒருவழியா எறங்கிப் போயி, "ஐயா, இது பந்தயமே இல்லைங்க, இன்னொரு தடவை ஓட விடுங்க"ன்னேன்.

"ஏம்ப்பா மலையாண்டி, ஒனக்குக் கிறுக்கா? நம்ம ஊரு ஜெயிச்சிருக்கு. அதைப் போயி நீயே இல்லைங்கிறியே," அப்படின்னாரு ஆவுடையப்பன். ஆத்மநாதன் அதுக்குத் தலையாட்டுறாரு. படிச்ச மனுசன். தூ.

மெட்ராஸ் அதிகாரி நல்லவருதான். மறுபடி ஓட்டம் வச்சா இருந்து நேரத்தை எடுத்துத் தாரேன், ரயிலுக்கு நேரமிருக்குன்னாரு. ஆனா அதுக்குள்ள ஆவுடையப்பன் மைக்கைப் புடிச்சுட்டாரு. சமஸ்தானத்துல தொடங்கி, வீரம், விருந்தோம்பல்னு பேசுறாரு பேசுறாரு, பேசிக்கிட்டே இருக்காரு. மேடைக்கு முன்னால எல்லாரும் பாதை மேலயே உக்காந்துட்டாங்க. பேச்சு முடிஞ்சப்போ அதிகாரி கடிகாரங்களைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டாரு. கமிட்டி மொத்தமும் பிரியாணிக்குப் போயிருச்சு.

திடல் காலியாச்சு. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்துச்சு. ஒபெங் மாலையைக் கழட்டி ஒரு நாற்காலியில பதனமா வச்சான். என்கிட்ட, "நீ கோட்டுல போயி நில்லு"ன்னான். போயி நின்னேன்.

ஓடி வந்தான். என் சென்மத்துல நான் அப்படி ஒரு ஓட்டத்தைப் பாத்ததில்லை. கோட்டைத் தாண்டி, முட்டியைப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குறான். கையில கடிகாரம் இல்லாம நான் மரம் மாதிரி நிக்கிறேன்.

"எவ்வளவுன்னு எனக்குத் தெரியலைண்ணே," அப்படின்னேன்.

"எனக்குத் தெரியும். ஓடுனவனுக்குத் தெரியாதா," அப்படின்னான். மூச்சு அடங்குனதும் காலியாக் கிடந்த நாற்காலிகளை ஒரு தடவை பாத்தான். "ஆனா நான் சொன்னா அங்க யாரு நம்புவாங்க?"

ஆஸ்திரேலியாவுக்கு அந்தச் சின்னப் பையன் போனான்.