திருக்கை மேல் போட்ட பழி

புளிக்கவைத்த திருக்கை மீன் இல்லாமல் தென்கொரியாவின் மோக்போ ஊரில் பிறந்தநாள் விருந்து ஏது? ஹேஜினின் மாமனாருக்கு எழுபது நிறைந்த அன்று, அதன் அம்மோனியா நெடி வீடு முழுக்கக் கண்ணைக் கரித்தது. அதற்கு நடுவில்தான் அவள் கைப்பையிலிருந்து தீப்பெட்டி அளவுக் கருவியை எடுத்தாள்.

"இதுக்காகத்தான் ஆய்வகத்துலயே குடியிருக்கீங்களா, அண்ணி?" நாத்தனார் போரா சீண்டினாள்.

"சிரிக்காதே. உள்ளே இருக்கறது கார்பன் நானோகுழாய். வாட்ச் பேட்டரி ஒண்ணு போட்டா மாசக்கணக்கா ஓடும். ஊதினா, மூச்சுல எவ்வளவு அம்மோனியான்னு காட்டும். சிறுநீரகம் கெட்டவங்களுக்கு அது ஏறும்."

போரா ஊதினாள். எண் எகிறியது.

"ஐயோ, நான் போய்ச் சேர்ந்துட்டேனா?"

"வாய் நிறைய திருக்கையை அடைச்சுக்கிட்டு ஊதினா வேற என்ன காட்டும்?"

அடுத்து ஹேஜினின் கணவன் சங்யூன் ஊதினான். போராவுக்கு வந்ததைப் போல இரண்டு மடங்கு!

"அண்ணா, முழு மீனையும் முழுங்கிட்டியா?"

வீடே சிரித்தது. மீன் நெடியில் கருவி கெட்டுவிட்டது என்று ஹேஜின் அலுத்துக்கொண்டாள்.

தட்டுகளை எடுக்க வந்த மாமியார் முகத்தைச் சுளித்தாள். "இவனா முழுங்கினான்? தட்டைப் பாருங்கடி, வெச்சது வெச்சபடி இருக்கு. மீன், கறி எதைப் பார்த்தாலும் கொஞ்ச நாளா குமட்டுதாம்."

சிரிப்பு சட்டென்று நின்றது. திருக்கையைத் தொடாத ஹேஜின் தானே ஊதிப் பார்த்தாள். எண் அடியில் கிடந்தது. கருவி நன்றாகத்தான் இருந்தது. கணவனிடம் மறுபடி நீட்டினாள். அதே எண்.

தரையில் உட்கார்ந்திருந்தவனின் கணுக்காலைப் பார்த்தாள். காலுறையின் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருந்தது. கருவியைச் சோதிக்கப் போன இடங்களில் எத்தனை சிறுநீரக நோயாளிகளின் கால் வீக்கத்தைப் பார்த்திருக்கிறாள்! ஒரே வீட்டில் இருக்கும் இந்தக் கால்களைப் பார்க்கவே இல்லை.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உன் கருவி முடியட்டும்னு இருந்தேன்."

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "எழுந்திருங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஒருவேளை அது தப்பா காட்டுதோ என்னமோ?"

"தப்பாவே இருக்கட்டும். இத்தனை வருஷ உழைப்பும் வீணாப் போகட்டும். எழுந்திருங்க!"

வாசலில் அவனுடைய கால் சப்பாத்துக்குள் நுழையவில்லை. ஹேஜின் மண்டியிட்டு, அதன் நாடாவைக் கடைசித் துளைவரை உருவினாள்.