ஓவர்டைம் மாத்திரை

தொண்ணூற்றிரண்டில், நாங்கள் இருவரும் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், துணியை உருளைகளுக்கிடையே விட்டு அழுத்தும் காலண்டர் மிஷினில் துணி விடும்போது என் பெண்டாட்டி மயிலாளின் வலது கை உருளைக்குள் போனது. சூப்பர்வைசர் குமாரசாமி தரையில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியை அள்ளி இறுக்கிக் கட்டி அனுப்பினார். ரத்தம் நின்றது. தரையின் அழுக்கு சதைக்குள் போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கழுவிக் கட்டிவிட்டு, வெளியே நின்ற என்னைக் கூப்பிட்டு இரண்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஒன்று விலை கூடின கேப்சூல், இன்னொன்று மஞ்சள் மாத்திரை.

"கேப்சூல் செபலோஸ்போரின். நல்ல மருந்துதான். ஆனா காத்துப் படாத ஆழத்துல வளர்ற கிருமி எல்லாத்துக்கும் இந்தக் கேப்சூல் கேக்காது. அதுக்குத்தான் மஞ்சள். ரெண்டையும் ஏழு நாள் தப்பாம குடுங்க."

தலையாட்டினேன். மஞ்சளை எனக்குத் தெரியும். போர்வெல் தண்ணீர் குடித்து வயிறு கழிந்தால், ஆள் லீவு போடாமலிருக்க குமாரசாமி கொடுப்பது அதுதான். ஓவர்டைம் மாத்திரை என்று பெயர் வைத்திருந்தோம்.

இரண்டாம் நாள் மயிலாள் வாந்தியெடுத்தாள்.

"ஏனுங் மாமா, வாயெல்லாம் பித்தளைய நக்குனாப்பல கசக்குதுங்க. எங்க அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையே வாய்க்குள்ள வந்துருச்சாட்ட."

"அது வயித்தால போறதுக்குக் குடுக்கறது புள்ள, உனக்கெதுக்கு? கேப்சூல்தான் பெரிய மருந்து. அது போதும்."

நான்தான் சொன்னேன். அன்றோடு மஞ்சளை நிறுத்தினாள்.

நான்காம் நாள் வீடு நாறியது. "எலி எங்கியோ செத்துக் கெடக்குது, பாரு" என்றாள் பக்கத்து வீட்டு ராக்கம்மாள். ஏணி போட்டு ஓட்டுக்கடியில் தேடினேன். எலி இல்லை. இறங்கும்போது பார்த்தேன், மயிலாள் கட்டுப்போட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள்.

கோயமுத்தூரில் மணிக்கட்டுக்கு மேலே கையை எடுத்தார்கள். "காத்துப் படாம வளர்ற கிருமி. ரெண்டு மருந்தும் குடுத்தீங்களா?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார்.

"குடுத்தனுங்க."

மயிலாள் மயக்கத்தில் கிடந்தாள்.

வருஷம் மூன்றாகிவிட்டது. இடது கையால் சோறு பிசைகிறவள் சில சமயம் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

"நாறுதுங்களா மாமா?"

"இல்ல புள்ள."

"போன கைதான் நாறுது. உங்களுக்கு வர்லீங்களா?"

எனக்கும் வரும். துணியில் வரும், டீயில் வரும். ஏணியைப் பார்த்தாலே வரும்.

போன வாரம் எனக்கு வயிறு போனது. "தங்கவேலு, இந்தா ஓவர்டைம்" என்று குமாரசாமி சிரித்துக்கொண்டே நீட்டினார். அங்கே அதை விழுங்காமல் சட்டைப் பையில் போட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மயிலாள் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள்.

"அன்னிக்கு எனக்குக் குடுத்ததாச்சே. வயித்தால போறதுக்குத்தான்னீங்க. நீங்க சொன்னது செரிதானாட்ட இருக்குது."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயில் அவளே மாத்திரையைப் போட்டு, தண்ணீர் சொம்பை எடுத்துக் கொடுத்தாள். விழுங்கினேன்.

"கசக்குதுங்களா மாமா?"

"கசக்குது புள்ள."

அதை மட்டும்தான் சொன்னேன்.