பாதி ஊசி

“எந்தக் கிருமின்னு கண்டுபிடிச்சாங்களாம்மா?” என்று சித்தப்பா கேட்டபோது அவள் காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். காலையில்தான் தம்பியை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். அதற்குள் இதே கேள்வியோடு வருகிற நான்காவது ஆள் இவர்.

“கிருமியால இல்ல சித்தப்பா.”

“பின்ன? எதிர்ப்பு சக்தி கம்மியா இருந்திருக்கும். அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், அந்த மூலிகைப் பொடியைக் கலக்கிக் குடிடான்னு.”

“கம்மி இல்ல, அதிகம். அளவுக்கு மீறி அதிகம். அதுதான் அவனைக் கொன்னுது.”

சித்தப்பா பரிவோடு தலையாட்டினார். “அதான் நானும் சொல்றேன். பொடியைக் குடிச்சிருந்தா தாங்கியிருப்பான்.”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் வாயில் என்ன வந்திருக்குமோ.

பத்தொன்பது வருஷமாக அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. உடம்பின் அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சேதிகளை அளப்பவள். கிருமி நுழைந்தால் ‘ஓடி வாங்க’ என்று கூட்டம் சேர்க்கிற புரதத் துணுக்குகள் அவை. தம்பிக்கு ஒரு மரபணுவில் ஓர் எழுத்து பிசகு. ஒன்றுமே நுழையாதபோதும் சேதி போய்க்கொண்டே இருக்கும். வந்த கூட்டம் வீட்டையே அடித்து நொறுக்கும். காய்ச்சல், தடிப்பு, மூட்டு வீக்கம். பள்ளிக்கூடத்திலேயே அவனுக்கு ‘அடுப்பு’ என்று பெயர் விழுந்துவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால்தான் நோய் இன்னதென்று தெரிந்தது. சேதி போய்ச் சேரும் இடத்தை அடைத்துவிடுகிற ஊசி, தினம் ஒன்று. அதற்குப் பிறகு அவன் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக், பத்து மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டே அக்காவுக்கு போன் போட்டுச் சிரிப்பான்.

போன வாரம் வெறும் ஜலதோஷம். அதில் பற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் எடுத்த அவன் ரத்தம் அவள் மேசைக்கே வந்தது. சோதனைத் தட்டின் குழிகளில், சேதி எவ்வளவு என்று காட்டும் மஞ்சள் நிறம் கருவியின் அளவைத் தாண்டிப் போயிற்று. நூறு மடங்கு நீர்க்க வைத்து மறுபடி அளந்தாள், அப்போதும் தாண்டியது. ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். திமிர் பிடித்தவன், ஊசியை நிறுத்தியிருக்கிறான்.

தட்டைச் சமையலறையில் வைத்துவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பிரிக்காத பெட்டிகள் வரிசையாக இருக்கும், இழுத்துக் கீழே போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் பெட்டிகள் ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருந்தன. கதவுத் தட்டில் மூடி போட்ட ஒற்றை ஊசி. உள்ளே பாதி மருந்து மிச்சம்.

“தினமும் போட்டாரு அண்ணி,” என்றாள் பின்னால் வந்து நின்ற தம்பி மனைவி. “ஒரு நாள்கூட விட்டதில்ல.”

“அப்ப இதுல ஏன் பாதி இருக்கு?”

கதவோரம் நின்றிருந்த தம்பியின் ஆறு வயது மகள்தான் பதில் சொன்னாள்.

“அது என்னோடது அத்தை. முதல் பாதி அப்பாவுக்கு, அப்புறம் புது ஊசிமுனை மாட்டி எனக்கு.”

தம்பி மனைவி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இவளுக்கும் காய்ச்சல் வர ஆரம்பிச்சுது அண்ணி. டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடும், இவளையும் எல்லாரும் அடுப்புன்னு கூப்பிடுவாங்கன்னாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

“எத்தன மாசமா?”

“நாலு.”

“ஒரு போன்!” கத்தியது தன் குரல்தான் என்று அவளுக்கே உறைக்கவில்லை. “ஒரே ஒரு போன் பண்ணித் தொலைச்சிருக்கக் கூடாதா? நானே வந்து ரத்தம் எடுத்திருப்பேனே. இவ பேர்லயே தனியா மருந்து வந்திருக்குமே. அதுக்குத்தானேடா நான் இருக்கேன்? மடையா, மடையா!”

கூடத்தில் பேச்சு ஒரு கணம் நின்றது. பிறகு சித்தப்பா யாருக்கோ பொடியின் பக்குவத்தை விளக்குவது கேட்டது.

அவள் போனை எடுத்து டாக்டரின் எண்ணை அழுத்தினாள்.

“இன்னிக்கு எனக்கு யாரு போடுவாங்க?” என்று குழந்தை கேட்டாள்.

குழந்தை முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி உட்கார்ந்தாள். பாவாடையைத் தொடை வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடிக்கொண்டாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.