நாங்களும் அதே பாலைத்தான் குடிக்கிறோம்

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. கொஷித்ஸே நகர ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்காக நின்றபோது ஒரு பெண் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “நாங்களும் அதே பாலைத்தானே குடிக்கிறோம்?” அவ்வளவுதான் கேட்டது. லிஃப்ட் வந்தது, அவள் போய்விட்டாள். கையில் மிச்சம் ஒரு வாக்கியம். அதைச் சுற்றி ஆட்டுக்கொட்டகை, நோயாளி, கல்யாணம் எல்லாவற்றையும் நானே கட்டினேன். ஆகவே கீழே வருகிற மனிதர்கள் எல்லாரும் கற்பனை. உண்ணி கடித்துப் பரவும் மூளைக்காய்ச்சல் மட்டும் நிஜம்.

2

முதல் ஆரம்பம்: “மலைச்சரிவில் பனி விலகி—” வேண்டாம். பனி விலகினால் அடுத்த வரியில் பறவை கூவும்.

இரண்டாவது: “உண்ணிக்கு எட்டுக் கால்கள், அது புல்நுனியில்—” இது பள்ளிக்கூடப் புத்தகம்.

மூன்றாவது: ஷெல்மீரா ஆடு கறந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு இஸிதோர் டம்ளரோடு வந்து நின்றார். சரி, இது ஓடும்.

3

இஸிதோர் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். உண்ணி என்றால் அப்படி ஒரு பயம். புல்லில் கால் வைக்க மாட்டார்.

“என்னண்ணே, தார் ரோட்டுல வர்றதுக்கே பேண்டை சாக்ஸுக்குள்ள சொருகிட்டு வர்றீங்க? உண்ணி என்ன பஸ்ஸுக்கா நிக்குது?” என்றாள் ஷெல்மீரா.

“சிரி, நல்லா சிரி. டிராம் ஓட்டினவன்மா நான். ஆபத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்னு எனக்குத் தெரியும்.”

“அப்ப ஊசி போட்டுக்க வேண்டியதுதானே? பனிக்காலத்துலயே கூப்பிட்டேன். வரலேன்னுட்டீங்க.”

“காட்டுக்குப் போறவனுக்குத்தான் ஊசி. நான் எங்க போறேன்? வீடு, உன் கொட்டகை, மறுபடி வீடு. மூணு தரம் குத்த என் தோளு என்ன தலகாணியா?”

அவள் டம்ளரை நிரப்பினாள். வெதுவெதுப்பான பால், மேலே நுரை. ஒரே மூச்சில் குடித்து மீசையைத் துடைத்தார்.

“இதுதாம்மா எனக்கு ஊசி.”

(இந்தக் கடைசி வசனத்தை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். கதைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் இஸிதோர் மாதிரி ஆட்கள் இப்படித்தான் பேசுவார்கள். இருக்கட்டும்.)

* ஓர் அடிக்குறிப்பு. கிருமியுள்ள உண்ணி கடித்தாலும் ஆடு படுக்காது. மேயும், கறக்கும், முட்டும். சில நாள் அதன் பாலில் கிருமி இறங்கும், அவ்வளவுதான். பாலைக் காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் இந்தக் கதையின் மலையில் கல்யாணத்துக்குப் பெண்ணின் மாமன் வீட்டிலிருந்து சீஸ் போக வேண்டும், அதுவும் பச்சைப்பாலில் செய்தது. காய்ச்சின பாலா? “அதுக்குக் கடையிலேயே வாங்கியிருக்கலாமே” என்பார்கள்.

4

இஸிதோருக்குக் காய்ச்சல் வந்தது. ஃப்ளூ என்றார்கள். நாலைந்து நாளில் எழுந்து வந்து பழையபடி டம்ளரை நீட்டினார். அடுத்த வாரம் சட்டைப் பட்டனைப் போட விரல் ஒத்துழைக்கவில்லை. கழுத்து குனியவில்லை. ஷெல்மீராவின் புருஷன் த்ராஹோஷ் அவரை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான்.

இரண்டு பிரதிகளில் இஸிதோரைச் சாகடித்துப் பார்த்தேன். கதை கனத்தது, ஆனால் கெட்டுப்போனது. செத்தவர் பக்கமே எல்லாரும் திரும்பிவிடுகிறார்கள். நான் எழுத வந்தது ஷெல்மீராவைப் பற்றி. ஆகவே இந்தப் பிரதியில் அவர் உயிரோடு, கண் மூடி, படுத்திருக்கிறார்.

5

டாக்டர் போன் செய்தாள்.

“இஸிதோருக்கு வந்திருக்கிறது உண்ணி மூளைக்காய்ச்சல். ஆனா உடம்புல எங்கயும் உண்ணி கடிச்ச அடையாளம் இல்ல. காட்டுக்கும் போனதில்லைங்கிறாங்க. பச்சை ஆட்டுப்பால் குடிப்பாரா?”

ஷெல்மீராவுக்குச் சுருக்கென்று வந்தது. “எங்க பாலையா சொல்றீங்க டாக்டரம்மா? நாங்களும் அதே பாலைத்தானே குடிக்கிறோம்? நானு, எங்க வீட்டுக்காரரு, ரெண்டு பிள்ளைங்க. ஒருத்தருக்கு ஒரு தும்மல் உண்டா?”

“நீங்க நாலு பேரும் தடுப்பூசி போட்டிருக்கீங்களா?”

“மலையில மேய்க்கிறவங்க போடாம இருப்போமா? மூணு ஊசியும் போட்டு, அதுக்கப்புறம் போடுறதையும் விடாம—”

அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

நாங்கள் குடிக்கிறோம், எங்களுக்கு ஒன்றுமில்லை, ஆகவே பால் சுத்தம். இத்தனை நாள் அந்தக் குடும்பம் பாலுக்குச் சாட்சியாக நின்றது. சாட்சி சொல்லத் தகுதியே இல்லாத நாலு பேர். ஊசி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது, அவர்களைக் காப்பாற்றியது. அதனால்தான் அவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று.

“வேற யாருக்குக் கொடுத்தீங்க?” என்றாள் டாக்டர்.

த்ராஹோஷின் அக்கா மகள் ராத்காவுக்கு இந்தச் சனிக்கிழமை கல்யாணம். சீஸ் இரண்டு வாரம் முன்பே போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் பட்டணத்துக்காரர்கள். ஊசியைப் பற்றி நினைத்தே இருக்கமாட்டார்கள்.

“இப்ப ஓடிப் போய் அவங்களுக்கு ஊசி போட்டா?”

“சாப்பிட்டவங்களுக்கு இனிமே போட்டு உதவாது. மிச்சத்தைத் தொடாம இருக்கணும். யாருக்காவது காய்ச்சல் வந்து தணிஞ்சுட்டாலும் நம்பிடக்கூடாது, உடனே இங்க வரணும். அதுக்கு அவங்களுக்கு விஷயம் தெரியணும்.”

6

“கெட்டுப் போச்சுன்னு சொல்லு. புளிச்சிருச்சு, தூக்கிப் போடு, வேற அனுப்புறேன்னு சொல்லு. அவ்வளவு போதும்” என்றான் த்ராஹோஷ்.

“சாப்பிட்டவங்க?”

“ஒண்ணும் ஆகாது. ஏண்டி, நம்ம ஆட்டுப்பால்ல நோய்னு நீயே ஊருக்குச் சொன்னா, நாளைக்கு எவன் இங்க டம்ளரோட வந்து நிப்பான்? ஆடுகளை வச்சிக்கிட்டு பாட்டுப் பாடுறதா?”

முடிவு (அ): ஷெல்மீரா உண்மையைச் சொல்கிறாள். ஆடுகள் விலைக்குப் போகின்றன.

முடிவு (ஆ): புளித்துவிட்டது என்கிறாள். சனிக்கிழமை யாரும் அந்தச் சீஸைத் தொடுவதில்லை. ஆடுகள் தப்புகின்றன. அவள் கொஞ்சம் உறுத்தலோடு கறக்கிறாள்.

வெகுநாள் (ஆ)தான் என் மேஜையில் இருந்தது. கச்சிதமாகத்தான் இருந்தது. போன் பேச்சை எழுதிச் சேர்த்தால் தீர்ந்தது.

7

“அத்தை! கூப்பிட நினைச்சேன், நீங்களே கூப்பிட்டீங்க. சீஸ் பத்திதானே?” என்றாள் ராத்கா.

“ஆமாடி, அந்தச் சீஸ்—”

“இனிமே எங்க இருக்கு! அவங்க வீட்டுக்காரங்க வந்தன்னிக்கே வெட்டி வச்சேன், பாதி காலி. ஒரே புகழ்ச்சி போங்க. அவரோட தம்பி ஒருத்தனே மூணு பேர் பங்கைத் தின்னான். அப்புறம் காய்ச்சல்னு படுத்துட்டான் பாவம். வெயில்ல சுத்தினா வராதா? நேத்து எழுந்துட்டான். இப்ப வெளிய பந்தல் போட்டுக்கிட்டு எல்லாரையும் கிண்டல் பண்ணிட்டிருக்கான். அத்தை? லைன்ல இருக்கீங்களா?”

இங்கே ஷெல்மீரா பேச வேண்டும். இடம் விட்டிருக்கிறேன்.

“                                                  ”

த்ராஹோஷ் எதிரில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறான். (அ)வோ (ஆ)வோ, நீங்கள் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் பந்தல் போடும் அந்தப் பையனுக்கு ஒரு பெயர் வையுங்கள். நான் வைக்கவில்லை. வைத்திருந்தால் (ஆ)வை எழுத என் கை வந்திருக்காது.