காயாத தூசி

1

இந்தக் கதையை நானாக எழுத வரவில்லை. எழுதச் சொன்னது அக்கா. அக்காவிடம் கேட்டது விண்வெளித் துறை. சின்னக் கம்பெனிகளின் ஆராய்ச்சிக்கு அவர்கள் நிதி கொடுக்கிறார்கள். முதல் கட்டத்தில் தேறியவர்களிடம் இரண்டு பக்கத்துக்கு ஒரு 'வெற்றிக்கதை' வாங்கிப் புத்தகமாகப் போடுகிறார்கள். "நீதான் கதை எழுதுறவனாச்சே, ரெண்டு பக்கம் கிறுக்கிக் கொடுடா" என்றாள். கிறுக்குவதாம்! நான் சோறு தண்ணி மறந்து செய்கிற தொழிலுக்கு என் கூடப்பிறந்தவள் வைத்திருக்கும் பெயர் அது.

சரி, ஆரம்பிக்கிறேன் வாசகரே.

*நிலவின் மௌனப் பெருவெளியில், மனிதகுலத்தின் கனவுகளைச் சுமந்தபடி ஒரு சின்னஞ்சிறு வளையம்…*

சீ. இதை எழுதிய கையைக் கழுவிவிட்டு வருகிறேன்.

*ரப்பர் வாசனை அடிக்கும் ஒரு பட்டறையின் மாடியில்…*

இது பரவாயில்லை. பட்டறை நிஜம். கீழே அத்தான், தண்ணீர் பம்புகளுக்கு ரப்பர் வளையம் வார்க்கிறார். அந்த வருமானத்தில்தான் மாடி ஓடுகிறது. மாடியில் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே இருக்கும் காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிடலாம். பெட்டிக்குள், நிலாவுக்கென்று செய்த ஓர் இயந்திரக் கை மடங்கி மடங்கி நிமிரும். மேலே தூசி கொட்டும். கையின் மூட்டைச் சுற்றி அக்கா உருவாக்கிய வளையம். தூசி மூட்டுக்குள் போனால் கை இறுகி நின்றுவிடும். போகக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். அதற்குள் அக்காவுக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது.

(குறிப்பு: நிலாத்தூசி வீட்டுத்தூசி மாதிரி சாது கிடையாது. அங்கே காற்றும் மழையும் இல்லாததால் முனை மழுங்காமல் கண்ணாடித்தூள் மாதிரி கிடக்கிறது. நிஜத்தூசிக்கு நாம் எங்கே போவது? எரிமலைக் கல்லை அரைத்து, சூட்டடுப்பில் வைத்துப் பொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்துப் போலித்தூசி செய்கிறார்கள். ஈரம் இருந்தால் கட்டிதட்டிவிடும். கட்டிதட்டிய தூசி எந்த இடுக்கிலும் நுழையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சை முன்கூட்டியே அவிழ்க்கக் கூடாது என்பார்கள். அவிழ்ப்பேன். என் கதை.)

2

அடுத்து ஒரு கதாபாத்திரம். இவளை என்ன செய்வதென்று எனக்குப் புரியவில்லை.

அக்காவின் கூட்டாளி, வேதியியல் படித்தவள். தூசியைச் சலிப்பது அவள் வேலை. நாம் பேசுவதையும் சலிப்பாள், அதனால் பெயரே சல்லடை. வெற்றிக்கதையில் இவளை 'உறுதுணையாக நின்ற தோழி' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். விட்டாளா?

வளையம் எல்லாச் சோதனையிலும் தேறியது. துறையும் ஒப்புதல் கொடுத்துவிட்டது. அதன்பிறகு மாடியில் இருந்த மின்கெட்டில் புகைந்து செத்துப்போனது. டீ போடுவது கீழே போயிற்று. (மாடியில் இருப்பவர்கள் டீப் பைத்தியங்கள். கெட்டில் ஆறியதே கிடையாது.) அதே வாரம், பார்க்க வந்தவர்களுக்காகச் சும்மா ஒரு தடவை ஓட்டிக் காட்டினார்கள். பாதியிலேயே கை இறுகி நின்றுவிட்டது.

வந்தவர்கள் போனதும் சல்லடை கேட்டாள்: "அடுப்புலேர்ந்து எடுத்த தூசித் தட்டை எங்க ஆறவைப்ப?"

"இந்த மேசையிலதான்" என்றாள் அக்கா.

"மூடி?"

"சூட்டோட மூடினா வேர்க்கும்னு திறந்தே வைப்பேன்."

"கெட்டில் எங்க இருந்துச்சு?"

அக்கா மேசையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். தட்டுக்குப் பக்கத்திலேயே கெட்டில் இருந்திருக்கிறது. நாள் முழுக்க ஆவி குடித்த தூசி. தேறியது வளையம் இல்லை, டீ!

*அந்தக் கணத்தில் அவளுக்குள் ஏதோ ஒன்று உடைந்து…*

வேண்டாம். எதுவும் உடையவில்லை. எழுந்து மறுபடி அடுப்பைப் போட்டாள். காய்ந்த தூசி, அடுப்புக்குள்ளேயே ஆறவிட்டு மூடிய தட்டு. கை இறுகியது. இன்னொரு தடவை. இறுகியது.

3

இனி சண்டை. இதை எழுதத்தான் எனக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது.

"யாருக்குத் தெரியும்?" என்றார் அத்தான். "ரெண்டாவது கட்ட நிதி வரட்டும். அதுக்குள்ள நீ சரிபண்ணிட மாட்டியா?"

"சரிபண்ணுவேன். ஆனா சொல்லிட்டுத்தான் பண்ணுவேன்."

"சொன்னா நிதி வராது. வரலைன்னா பெட்டியைத் திருப்பிக் கொடுக்கணும். மாடியை மூடணும். அதையும் யோசிச்சியா?"

அத்தானை வில்லனாக்க எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை. பம்பு வளையம் விற்று விற்றே இந்த நிலாவைத் தூக்கிச் சுமந்த மனுஷன்.

"அது எந்தக் கை தெரியும்ல?" என்றாள் அக்கா. "நிலாவுல வெளிய போன ஆளு திரும்பி வரும்போது கதவைத் திறந்துவிடுற கை. அது பாதியில நின்னா?"

அக்கா துறை அதிகாரிக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்து, தூசி நனைந்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"ஏம்மா, அதான் எல்லாம் கையெழுத்தாயிடுச்சே. இப்ப எதுக்குக் கிண்டுறீங்க?"

"கிண்டலைன்னா உங்க ஆளு கதவுக்கு வெளியவே நின்னு செத்துப்போவார் சார்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம், "கமிட்டி முன்னாடி வைக்கிறேன். அவங்க முடிவுதான். அந்த வெற்றிக்கதை… அதையும் சேர்த்து அனுப்பிடுங்க" என்றார்.

4

முடிவுகள்.

அ) புது வளையம் தேறுகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

ஆ) நிதி நிற்கிறது. மாடி இருட்டுகிறது. அக்கா சன்னலோரம் நின்று நிலாவைப் பார்த்து அழுகிறாள்.

இரண்டையும் அக்கா படித்தாள்.

"முதல்ல இருக்கிறது பொய். புது வளையத்துக்கு இன்னும் அச்சே தயாராகல. ரெண்டாவதுல என்னை ஏன்டா அழுமூஞ்சியாக்கி வச்சிருக்க?"

"அன்னைக்குப் போனை வச்சதும் அழுதியே அக்கா."

"கோவத்துல கண்ணு கலங்கினா அது அழுகையில சேராது. அடி அதை."

அடித்துவிட்டேன்.

"முடிவு இல்லாம அனுப்பினா வெற்றிக்கதைன்னு எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டேன்.

"தோத்துட்டோம்னு தெரியவந்ததும் சொன்னோமில்ல? அதை எழுது. வேற என்ன வெற்றி வேணுமாம் அவங்களுக்கு?"

5

கமிட்டியில் இருக்கும் ஐயாமார்களே, அம்மாமார்களே, இவ்வளவு நேரம் 'வாசகரே' என்று நான் கூப்பிட்டது உங்களைத்தான்.

இரண்டு பக்கம் கேட்டீர்கள், கூடிப்போய்விட்டது. உங்கள் புத்தகத்தில் போடமாட்டீர்கள் என்றும் தெரியும். போகட்டும். நான் இதில் ஒரு வரியையும் மாற்றித் தருவதாக இல்லை. அக்கா கீழே, அத்தானின் மெஷினிலேயே புது வளையத்துக்கு அச்சுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அத்தான் முணுமுணுத்துக்கொண்டே பிடித்துக்கொடுக்கிறார். நீங்கள் நிதி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்த வேலை நிற்காது. இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் மேசையில் இருக்கிறது. எங்களுடையதோடு சேர்த்து ஒரு கட்டு வெற்றிக்கதைகளும் அங்கே இருக்கும். மற்ற எதிலும் ஒரு சின்னத் தவறுகூட நடந்ததாக இருக்காது. கதவுக்கு வெளியே நிற்பது உங்கள் வீட்டுப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் செய்த கையை நம்பி அவனை வெளியே அனுப்புவீர்கள்? எழுதுங்கள்.