மற்றவை மாறாதிருக்க

1968 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரட்சணியபுரம் கல்லூரியின் பொருளாதாரப் பேராசிரியர் லாசரஸ் முதுகலை வகுப்பில் "மற்றவை மாறாதிருக்க" என்று சொன்னார். தாம்பரத்தில் மற்றவை மாறாமல் நின்றன. பீச் ஸ்டேஷனிலிருந்து வந்த மின்சார ரயில் சானடோரியத்தைத் தாண்டி நின்றது. புளியமரத்திலிருந்து கிளம்பிய காக்கை கிளைக்கு ஒரு முழம் மேலே நின்றது. பொழிச்சலூருக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்த விமானம் அந்தரத்தில் நின்றது. நின்றவர்களுக்குக் கண்ணும் காதும் வேலை செய்தபடியால், யார் வீட்டு மொட்டைமாடியில் என்ன வடகம் காய்கிறது என்று பயணிகள் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வெங்காயத்தின் விலை ஏறினால் அதன் தேவை குறையும்" என்று பேராசிரியர் வாக்கியத்தை முடித்ததும் எல்லாம் விட்ட இடத்திலிருந்து கிளம்பின. தாம்பரம் மார்க்கெட்டில் அயூப் பாயின் வெங்காய விலை மட்டும் தானாக ஏறியிருந்தது. வாங்க நின்றவர்களில் பாதிப் பேர் கத்தரிக்காய்ப் பக்கம் நகர்ந்தார்கள்.

லாசரஸ் சார் அதே வாசகத்தை வருஷக்கணக்காக லத்தீனில் சொல்லி வந்தவர்தான். லத்தீனுக்குத் தாம்பரம் மசியவில்லை. ஆங்கிலத்தில் சொல்லும்போது வகுப்பு மின்விசிறி மட்டும் லேசாகத் தயங்கும், அதையும் மின்வாரியத்தின் தலையில் போட்டுவிட்டார்கள். அந்த வருஷம்தான் முதுகலையிலும் கொஞ்சம் தமிழில் சொல்லிப் பார்க்கலாம் என்று கல்லூரி துணிந்தது. தமிழில் சொன்னதும் ஊருக்குப் புரிந்துவிட்டது, கேட்டுக்கொண்டது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று தமிழ்த் துறைக்காரர்கள் கொஞ்ச நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

எதற்கும் பழகிக்கொள்கிற ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. மழைநாளில் கல்யாணம் வைத்தவர்கள், தாலி கட்டுகிற நேரத்துக்கு ஒரு வாக்கியம் சொல்ல முடியுமா என்று வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள். மழையோடு மாப்பிள்ளையின் கையும் சேர்ந்து நின்றதைப் பார்த்தபின் வருவதை விட்டார்கள். ரயில்வேக்காரர்கள் காலை நெரிசலில் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அயூப் பாய் நேராக வகுப்பறை வாசலுக்கே வந்துவிட்டார். "சார், வெலய ஏத்தணும்னா ஏத்திக்கோ, வேணான்னு சொல்லல. எறக்கி வுட்டுட்டுப் போ சார். பேஜாரா கீது." அன்றிலிருந்து லாசரஸ் சார் மணி அடிக்கும் முன்னால் விலையை இறக்கி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத்தான் டஸ்டரைக் கீழே வைப்பார். ஒரு விஷயத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஊரே நின்றிருந்த நேரத்தில் வீட்டில் பால் எப்படிப் பொங்கி வழிந்தது என்பதுதான் அது.

அந்த வகுப்பில் எப்போதும் நிற்காமல் இருந்தவள் ஒருத்தி உண்டு. குரோம்பேட்டை தபீதாள். அனுமானம் என்பது சபை தலையாட்டினால்தான் செல்லும். லாசரஸ் சார் "அனுமானித்துக்கொள்வோமா?" என்று கேட்டபோதெல்லாம் எல்லாரும் தலையை ஆட்டினார்கள், அவள் கையைத் தூக்கினாள். உறைந்துபோன வகுப்பில் அவரும் அவளும் மட்டும் அசைந்துகொண்டிருப்பார்கள். "சார், எனக்கு ஒரு சந்தேகம்" என்பாள். "வாக்கியத்த முடிச்சுக்கறேம்மா, ரயில் நிக்குது" என்பார்.

நூலகத்தின் கடைசி அலமாரியில், பல்லி முட்டை வைக்கிற தட்டில் இருந்த புத்தகங்களைத்தான் அவள் படித்தாள். விலைக்குப் பின்னால் பழக்கம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, யார் கை ஓங்கியிருக்கிறது என்பது இருக்கிறது என்று சொன்ன புத்தகங்கள் அவை. பாடத்திட்டம் அவற்றை வாசலோடு நிறுத்தியிருந்தது. குரோம்பேட்டை வீடுகளில் பெண்கள் சம்பளமில்லாமல் செய்கிற வேலையைப் பற்றி அவள் ஆய்வேடு எழுதினாள். அந்த வேலை ஒரு நாள் நின்றால் தொழிற்சாலை, ஆபீஸ், பள்ளிக்கூடம், ரயில் அத்தனையும் நின்றுவிடும் என்பது அவள் கட்சி. லாசரஸ் சார் முழுக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதுல எல்லாமே மாறுதேம்மா. எதையாவது ஒண்ணப் புடிச்சு நிறுத்து."

"நிறுத்தினா அது குரோம்பேட்டையே இல்ல சார்."

அவர் நல்ல மனுஷர். ஒத்துக்கொள்ளவில்லை, தடுக்கவுமில்லை. வாய்மொழித் தேர்வில் அவளே சொல்லி நிரூபிக்கட்டும் என்று விட்டுவிட்டார். தேறினால் அதே கல்லூரியில் விரிவுரையாளர் வேலை காத்திருந்தது. தேறாவிட்டால் நாசரேத்தில் ஒரு மாப்பிள்ளை காத்திருந்தார். அவளுடைய அப்பா தேவானந்தம் ரயில்வேயில் தலைமை எழுத்தர், எதையும் நேரப்படி செய்கிறவர். 1970 ஏப்ரலில், தேர்வும் பெண் பார்க்கும் சடங்கும் ஒரே நாளில் வந்து விழுந்தபோது, அதையும் நேரப்படியே தீர்த்தார். "மாப்பிள்ளை பிளாட்பாரத்துல கால் வைக்கறதுக்குள்ள உன் ரிசல்ட் வந்துட்டா உன் இஷ்டம். வரலேன்னா என் இஷ்டம். அப்புறம் அழக் கூடாது."

அவள் அழுகிற ரகமில்லை. ஆனாலும் அன்று மதுரையிலிருந்து வர வேண்டிய வெளித்தேர்வாளர் ஸ்ரீரங்கன் தாமதமாக வந்தார், நாசரேத் ரயில் தாமதமாக வரவில்லை. அவள் முதல் வரியைச் சொன்னாள்: வீட்டு வேலை மாறினால் எல்லாம் மாறும். இரண்டு பேராசிரியர்களுக்கும் ஒரே நேரத்தில் பொறுக்கவில்லை. இருவரும் விரலை உயர்த்தி, ஒரே மூச்சில், "மற்றவை மாறாதிருக்க, வெங்காயத்தின் விலை ஏறி..." என்று தொடங்கினார்கள். மதுரையில் சொல்லி ஒன்றும் ஆகாத பழக்கத்தில் ஸ்ரீரங்கன் சொல்லிவிட்டார், பாவம். இவருக்கு அவர் மற்றவை, அவருக்கு இவர் மற்றவை. ஒருவரை ஒருவர் மாறாமல் நிறுத்திவிட்டார்கள். வாக்கியத்தை முடிக்க உலகத்தில் ஆள் இல்லாமல் போயிற்று.

வழக்கம்போல் தலையாட்டாத தபீதாள் மட்டும் கொஞ்சம் காத்துப் பார்த்தாள். பிறகு வெளியே வந்தாள். ஸ்டேஷனுக்குப் போனாள். அப்பா மாலையோடு நின்றிருந்தார். ரயில் பெட்டியின் வாசலில் மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கி, பிளாட்பாரத்துக்கு நாலு விரல்கடை மேலே வைத்தபடி நின்றிருந்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தார். அந்தக் கால் இனி இறங்கவே இறங்காது என்று தெரிந்ததும் அவளுக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினாள். நகராத தள்ளுவண்டியில் ஒரு பன் எடுத்துத் தின்றாள். ஜி.எஸ்.டி. ரோட்டின் நட்டநடுவில், லாரிகளுக்கு இடையே, கைகளை வீசிக்கொண்டு நடந்தாள். நூலகம் முழுக்க இனி அவளுடையது, வாழ்நாள் முழுக்கப் படிக்கலாம். சானடோரியம் தாண்டும்போதுதான் மறுபக்கம் உறைத்தது: கால் இறங்காது என்றால் தேர்வு முடிவும் வராது. மார்க்கெட்டில் அயூப் பாயின் வெங்காய விலை வேறு, யாரும் தடுக்காமல் ஏறிக்கொண்டே போயிருக்கும். அவளுக்குத் துக்கமாகிவிட்டது, கூடவே பசியும். வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் அம்மா ஜெயசீலி குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள்.

தபீதாள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கடுகு வெடித்தது. அடுப்பு எரிந்தது. பக்கத்து வீட்டில் துணி துவைக்கிற சத்தம், எதிர்வீட்டில் ஹஃபீசாக்கா முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம், தெருக் கடைசிவரை பாத்திரம் தேய்க்கிற சத்தம். "ஏண்டி, முடிஞ்சுதா? அப்பா எங்க?" என்றாள் அம்மா.

"அம்மா, ஊரே நின்னு கெடக்கு. நீ நிக்கலையா?"

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க, நின்னுச்சு நின்னுச்சுன்னு. ரெண்டு வருஷமா நான் ஒரு நாளும் பாக்கலையே. எனக்கு எங்க நிக்க நேரம்?"

தபீதாள் அம்மாவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அம்மாவுக்குக் கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவள் அதிகம் யோசிக்கவில்லை. பெரியவர்கள் ரெண்டு பேர் நின்றபடி இருக்கிறார்கள் என்றால் காபி கொடுக்க வேண்டியதுதானே என்று தூக்குப் பாத்திரம் நிறையக் கலந்தாள். ஹஃபீசாக்கா முறத்தை வைத்துவிட்டு முறுக்கு டப்பாவோடு கிளம்பினாள். அப்புறம் தெரு முழுக்கக் கிளம்பியது. இடுப்பில் செருகிய முந்தானையும் ஈரக் கையுமாகக் குரோம்பேட்டைப் பெண்கள் ஜி.எஸ்.டி. ரோட்டை அடைத்துக்கொண்டு தாம்பரம்வரை நடந்தார்கள். ஒரு பஸ்காரன்கூட ஹாரன் அடிக்கவில்லை. வழியில் வெயிலில் நின்றவர்களுக்கு ஆளுக்கொரு வாய் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தவர்கள் அசைந்தார்கள், வாயைத் துடைத்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள்.

தேர்வு அறையில் ஜெயசீலி காபியை ஆற்றி இருவர் வாயிலும் கொஞ்சம் ஊற்றினாள். ஸ்ரீரங்கன் விரலை இறக்கினார். லாசரஸ் சார் கூச்சத்தோடு தொண்டையைக் கனைத்து, முடிக்க வேண்டிய வாக்கியத்துக்கு வாயைத் திறந்தார். தபீதாள் கையைத் தூக்கினாள்.

"முடிக்காதீங்க சார். முதல்ல என் தேர்வ முடிங்க."

அவருக்குப் பிளாட்பார விவகாரம் தெரியாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். ஸ்ரீரங்கன் அறை நிறைய நின்ற பெண்களைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே அந்தரத்தில் நின்ற காக்கையைப் பார்த்தார். "நாங்க எல்லாத்தையும் நிறுத்திட்டோமே. இவங்க எப்படி நடக்கறாங்க?"

"நீங்க நெனச்சதையெல்லாம் நிறுத்தினீங்க சார். இவங்க உங்க மற்றவையிலகூட இல்ல."

ஸ்ரீரங்கன் எழுந்து நின்றார், மாணவிக்காகவா அவளுடைய அம்மாவுக்காகவா என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. முதல் வகுப்பு என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு தபீதாள் ஸ்டேஷனுக்கு ஓடினாள். "ஆறிடப் போவுது, முழுசா குடிங்க" என்றாள் ஜெயசீலி. குடித்து முடித்து, டம்ளரை வைத்து, லாசரஸ் சார் சொன்னார்: "...னால் தேவை குறையும்." ஸ்ரீரங்கனும் கூடவே சொன்னார். காக்கை பறந்தது. ஸ்டேஷனில் மாப்பிள்ளையின் கால் பிளாட்பாரத்தில் பட்டது. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். எதிரே மகள் கையெழுத்தான தாளோடு மூச்சிரைக்க ஓடி வந்துகொண்டிருந்தாள், அவள் கையில் முடிவு ஏற்கெனவே இருந்தது. நேரம் என்றால் நேரம். மாலையை அவள் கழுத்தில் போட்டார். அவ்வளவு நேரம் ஒற்றைக்காலில் நின்று யோசித்ததில் தனக்கும் கல்யாணத்துக்கு அவசரமில்லை என்று தெரிந்துவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார், சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் ஊருக்குப் போனார்.

தபீதாள் அந்தக் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனாள். இன்று காலை உங்கள் வீட்டில் யார் சமைத்தது என்ற கேள்வியோடுதான் வகுப்பைத் தொடங்குவாள். லாசரஸ் சார் 1974இல் ஓய்வு பெற்றார். வீட்டிலும் பழக்கம் போகவில்லை. மதியத் தூக்கத்துக்குச் சத்தம் இடைஞ்சலாக இருந்தால் "மற்றவை மாறாதிருக்க" என்று சொல்லிவிட்டுப் படுப்பார், வாக்கியத்தை அப்புறம்தான் முடிப்பார். ரயில் நிற்கும், காக்கை நிற்கும், பொழிச்சலூருக்கு மேல் விமானம் நிற்கும். அடுக்களையில் அவர் மனைவி சாராள் மாவாட்டுகிற சத்தம் மட்டும் நிற்காது. கொஞ்ச நேரம் புரண்டுவிட்டு எழுந்து போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழவியின் மறுபக்கத்தைப் பிடிப்பார். ஊரே அடங்கிக் கிடப்பதால் அந்தச் சத்தம் மார்க்கெட்வரை கேட்கும். நாளைக்கு சார் வீட்டில் இட்லி என்று அயூப் பாய் நின்றபடியே நினைத்துக்கொள்வார். வகுப்பு முடிந்து அவ்வழியே வரும் தபீதாள் நிற்காமல் நடந்து வீட்டுக்குப் போவாள்.