வீட்டு விஷயம்

“ரெண்டு நாளைக்குத்தானே கேக்குறாரு, குடுத்துடேன்.”

“ரெண்டு நாள்னா ரெண்டே நாள்தான். அப்புறம் எடுத்துடுவேன்.”

“எடுத்துக்கோ. அண்ணன் என்ன வேத்து ஆளா?”

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டே என் கணவர் சொன்னது இது. அவர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய அண்ணனும் நானும் ஒரே அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். நான் அத்தான் என்று கூப்பிடும் அவர், சரக்கு அனுப்பும் பிரிவுக்கு மேனேஜர். நான் டாஷ்போர்டு செய்கிறவள். எத்தனை பெட்டி தயாரானது, எந்த லாரி கிளம்பியது, யார் எதற்காக லீவு என்பதெல்லாம் ஒரே திரையில் படமாக வந்து நிற்கும். அதில் அவரவர் பிரிவு மட்டும்தான் அவரவர் கண்ணில் பட வேண்டும். லீவுக்கான காரணம் மேனேஜருக்கும் தெரியக்கூடாது. என் வேலையில் பாதி, இந்த விதிகளை எழுதுவது.

முதலாளிக்கு டாஷ்போர்டைக் காட்டுவதற்கு முந்தைய ஒத்திகையன்று அத்தானின் திரையில் மட்டும் லாரிகளைக் காணோம். அவர் பிரிவின் எண் எங்கேயோ தப்பாகப் பதிந்திருந்தது. தேடிப் பிடிக்க ஒரு நாள் ஆகும். அதற்குள் முதலாளி முன்னால் என் மானம் போகிறது என்று தம்பியைப் பிடித்துக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் காத்திருங்கள் என்று சொல்லியிருப்பேன். இவரை அட்மின் குழுவில் சேர்த்தேன். அந்தக் குழுவில் இருப்பவருக்கு எல்லாமே தெரியும். மறுநாள் அவர் திரையில் லாரிகள் வந்தன, அத்தான் சிரித்தார், நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

கீழ்வீட்டில் அவர்கள், மாடியில் நாங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஏணி எங்கள் சமையலறைக்குப் பின்னால் இருப்பதால் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் உண்டு. கதவைத் தட்ட மாட்டார். தலையில் துண்டோடு நான் நின்றால்கூட, நீ உன் வேலையைப் பாரும்மா என்று சொல்லிவிட்டுக் கடந்து போவார். தொட்டி வாரம் ஒருமுறை நிறையும். அவர் வாரத்துக்கு நாலு முறை வருவார். அந்தச் சாவியைத் திரும்ப வாங்கிவிடுங்கள் என்று கணவரிடம் கேட்க மூன்று வருஷமாக வாயெடுத்து, ஒவ்வொரு முறையும் விழுங்கியிருக்கிறேன். அப்பா இல்லாத வீட்டில் அவரைப் படிக்க வைத்தவர் அண்ணன். எப்படிக் கேட்பது?

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு விடுமுறை நாளில் கீழே எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சோற்றைப் பிசைந்தபடி அத்தான் கேட்டார்.

“மூணாவது தடவையும் தங்கலையாமே?”

அவர் மனைவி தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. குழந்தைக்காக நாங்கள் எடுக்கும் சிகிச்சை எங்கள் இருவருக்குள் மட்டும் இருந்த விஷயம். அப்படியானால் சொன்னது யார்?

மாடிக்கு வந்ததும் கணவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. பதினோரு நாள் அவரோடு பேசவில்லை. காலையில் எனக்கு முன்னால் எழுந்து காப்பி போட்டு மூடி வைத்துவிட்டுப் போவார். அதை அப்படியே சிங்க்கில் ஊற்றுவேன். அந்தக் காப்பியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்ற பதிவை நேற்று மதியம் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் சடங்குதான். லீவுப் பக்கத்தை அத்தான் அறுபத்து மூன்று முறை திறந்திருந்தார். சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும், பல் குத்திக்கொண்டே திறந்திருப்பார் போல.

இன்னொருவர் கண்ணுக்குத் திரை எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஒரு வசதி உண்டு. அத்தானின் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். அவர் இரண்டு பக்கங்களைச் சேமித்து வைத்திருந்தார். ஒன்றுக்கு ‘லேடீஸ்’ என்று பெயர். யாருக்குக் கருக்கலைந்தது, யாருக்குக் கட்டி, யார் எந்தத் தேதியில் வயிற்றுவலி என்று போனாள் எல்லாம் வரிசையாக இருந்தது. இன்னொன்றின் பெயர் ‘வீட்டு விஷயம்’. அதில் நான் மட்டும் இருந்தேன், லீவு விண்ணப்பத்தில் நான் எழுதிக்கொடுத்த காரணங்களோடு. நான் ஆஸ்பத்திரிக்குப் போன நாளெல்லாம் சிவப்புப் புள்ளி. அந்தச் சிவப்பு, அவரே உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது.

பாத்ரூமுக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். அழுக்கு கையில் இல்லை என்று தெரிந்தும் கழுவினேன். அவர் கண்ணை உள்ளே விட்டது என் விரல்தானே.

திரும்பி வந்து அவரை அந்தக் குழுவிலிருந்து எடுத்தேன். பிரிவு எண்ணைத் தேடித் திருத்தினேன். மறுபடி அவர் கண்ணால் பார்த்தேன்: பதினாலு ஆட்கள், ஒன்பது லாரி, வேறொன்றும் இல்லை. பதிவை அச்செடுத்து, என் தப்பையும் மேலேயே எழுதி, நிர்வாக அதிகாரியிடம் கொடுத்தேன். விசாரணை வரும், உனக்கும் சேர்த்துத்தான் என்றார் அந்த அம்மா. சரி என்றேன்.

சாயங்காலம் கணவர் வந்ததும் இன்னொரு பிரதியை அவர் கையில் கொடுத்து, என்னை மன்னிச்சிடுங்க என்றேன். நின்றபடியே படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“நான்தானே குடுத்துடுன்னு சொன்னேன்,” என்றார். காகிதத்தை மடிக்கக் கை வரவில்லை.

அப்போது கதவில் சாவி திரும்பியது.

அத்தான் உள்ளே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஏம்மா, என் ஸ்கிரீன்ல பாதியக் காணோம். நம்ம வீட்டு ஆளுக்கே பூட்டா?”

“உங்க பாதி அங்கேயேதான் இருக்கு அத்தான்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். தம்பி கையிலிருந்த காகிதத்தில் கண் பட்டதும் சிரிப்பு பாதியில் நின்றது. அதுக்கு இல்லடா, உங்க மேல இருக்கிற அக்கறையில் என்று ஏதோ ஆரம்பித்தார். கணவர் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார், நான் சொல்வதற்காகக் காத்திருப்பவர் போல.

அத்தானின் சுண்டுவிரலில் வளையம் தொங்கியது. அதில் எங்கள் சாவி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“அந்தச் சாவியை அவர்கிட்டயிருந்து வாங்குங்க,” என்றேன்.